யார் ஒப்பமிட்டார் என்பது போதுமா? எப்போது என்பதும் வேண்டும்!

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் ஒரு பழைய கல்வெட்டு உண்டு. எங்கள் மேல்சித்தாமூர் மாணவர்கள் களப்பயணமாகச் சென்று பார்க்கக்கூடிய தொலைவுதான். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்துறந்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவாகப் பொறிக்கப்பட்டது அது. பெயர் இருக்கிறது, நோன்பு நாள்களின் எண்ணிக்கை இருக்கிறது, ஆண்டு மட்டும் இல்லை. எழுத்துகளின் வடிவத்தைக் கொண்டே அறிஞர்கள் அதன் காலத்தைக் கணிக்கிறார்கள். இன்றைய மின் ஆவணங்களுக்கும் இதே குறை நேரலாம்.

இ-சேவை மையம் வழியாக நம் மாணவர்கள் பெறும் சாதி, வருமானச் சான்றிதழ்களில் டிஜிட்டல் கையொப்பம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 இதற்குச் சட்ட ஏற்பு அளித்தது. கையொப்பமிட்டவர் யார், அதன்பின் ஆவணம் திருத்தப்பட்டதா என்ற இரண்டையும் இது காட்டும். ஆனால் அதில் தெரியும் நேரம், பெரும்பாலும் ஒப்பமிட்டவரின் கணினிக் கடிகாரம் சொன்ன நேரம். அந்தக் கடிகாரத்தை யாரும் மாற்றி வைக்கலாம். மேலும், ஒப்பமிடுவதற்கான மின்சான்றிதழ் பொதுவாக 1 முதல் 3 ஆண்டுகளே செல்லும். பள்ளி ஆவணமோ பல பத்தாண்டுகளுக்குத் தேவைப்படும். சான்றிதழ் காலாவதியாகும் முன்பே ஒப்பமிடப்பட்டது என்பதைப் பின்னாளில் எப்படி நிறுவுவது?

இதற்கான வழிதான் நேரமுத்திரை. அஞ்சலகம் உறையைப் பிரிக்காமலேயே தேதி முத்திரை குத்துகிறது அல்லவா? அதுபோலவே இதுவும். ஆவணத்திலிருந்து கைரேகை போன்ற ஒரு குறியீட்டைக் கணினி உருவாக்கும். இதன் பெயர் ஹாஷ். எஸ்எச்ஏ-256 முறையில் இது 64 இலக்கங்கள் கொண்டது. ஆவணம் வெளியே போகாது. இந்தக் குறியீடு மட்டுமே நேரமுத்திரை வழங்கும் அமைப்புக்குச் செல்லும். அது தன் கடிகார நேரத்தைச் சேர்த்து, தானும் ஒப்பமிட்டுத் திருப்பி அனுப்பும்.

லிப்ரே ஆபிஸில் செய்யும் முறை:

1. டூல்ஸ் – ஆப்ஷன்ஸ் – செக்யூரிட்டி பகுதியில் ‘டிஎஸ்ஏ’ பொத்தானை அழுத்தி, நேரமுத்திரை அமைப்பின் இணைய முகவரியைச் சேர்க்கவும்.
2. ஆவணத்தை பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்யும்போது ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ பகுதிக்குச் சென்று உங்கள் மின்சான்றிதழைத் தேர்ந்தெடுக்கவும்.
3. அங்கேயே ‘டைம் ஸ்டாம்ப் அத்தாரிட்டி’ பட்டியலில் அந்த முகவரியைத் தேர்ந்தெடுத்து ஏற்றுமதி செய்யவும். இணைய இணைப்பு அவசியம்.

வகுப்பறைச் செயல்பாடு: ஒவ்வொரு மாணவரும் ஒரு வாக்கியம் எழுதட்டும். சொற்களின் எண்ணிக்கை, எழுத்துகளின் எண்ணிக்கை, கடைசி எழுத்து ஆகிய மூன்றையும் ஒரு துண்டுச்சீட்டில் குறிக்கட்டும். ‘நேரக் காப்பாளர்’ மாணவர் வாக்கியத்தைப் பார்க்காமல், அந்தச் சீட்டில் மட்டும் மணியைக் குறித்து ஒப்பமிடுவார். பிறகு வாக்கியத்தில் ஒரு சொல்லை மாற்றி, சீட்டோடு ஒப்பிடச் சொல்லுங்கள். அடுத்து, அதே குறியீடு வரும் வேறொரு வாக்கியத்தை எழுதச் சொல்லுங்கள். எளிதில் எழுதிவிடுவார்கள்! உண்மையான ஹாஷ் ஏன் அத்தனை நீளமாகவும் கடினமாகவும் இருக்கிறது என்பது அப்போது அவர்களுக்கே புரியும்.

இனி ஒப்பமிட்ட பிடிஎஃப் வந்தால், அக்ரோபேட் ரீடரில் கையொப்ப விவரத்தைத் திறந்து பாருங்கள். நேரம் ஒப்பமிட்டவரின் கணினியிலிருந்து வந்ததா, நேரமுத்திரையிலிருந்து வந்ததா என்று அதில் தெரியும். மாணவரின் எதிர்காலத்துக்குத் தேவைப்படும் ஆவணங்களுக்கு இரண்டாவதே பாதுகாப்பு.