பொய் சொன்னாலும் மாட்டிக்கொள்ளும் பதினோரு அட்டைகள்

கோடை விடுமுறையில் பிள்ளைகள் மொபைலைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று வருத்தப்படாத பெற்றோர் கிடையாது. இந்த மாதம் கம்ப்யூட்டரில் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் தயாரித்து, அதிலிருந்து பதினோரு அட்டைகளை அச்செடுக்கப் போகிறோம். பிறகு கம்ப்யூட்டரை மூடிவிட்டு விளையாடலாம். எக்ஸெல் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். செலவு நான்கைந்து தாள்கள்தான்.

இந்த யோசனையைக் கொடுத்தது கொல்லிமலை பஸ்ஸில் காதில் விழுந்த ஒரு பேச்சு. போனவர்களுக்குத் தெரியும், அடிவாரம் காரவள்ளி. அங்கிருந்து சோளக்காடு ஏறுவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கும். எனக்கு முன் சீட்டில் ஓர் அம்மாவும், எட்டு ஒன்பது வயது மதிக்கத்தக்க மகளும்.

"அம்மா, எழுவது வளைவுல ஒண்ண நெனச்சுக்கோ. நான் கண்டுபிடிக்கறேன்."

"நெனச்சாச்சு கண்ணு. கேளு."

"முப்பத்தஞ்சுக்கு மேலயா?"

"ஆமா."

"அம்பத்தி மூணுக்கு மேலயா?"

"இல்ல."

"நாப்பத்தி நாலுக்கு மேல?"

"ஆமா."

"நாப்பத்தொம்பதுக்கு மேல?"

"ஆமா."

"அம்பத்தொண்ணு?"

"ஆமா."

"அம்பத்திரெண்டு?"

"ஆமா."

"அப்ப அம்பத்தி மூணு!"

"ஏங்கண்ணு, இத உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்ல. பாதி பாதியா வெட்டுனா சீக்கிரம் முடியுதும்மா."

கல்லூரியில் எங்களுக்கு 'பைனரி சர்ச்' என்ற பெயரில் ஒரு முழு வகுப்பு எடுத்து நடத்திய விஷயம் இது! வரிசையாக அடுக்கப்பட்ட பட்டியலில் நடுவில் கை வைத்து, வேண்டாத பாதியைத் தூக்கி எறிவது. 70 என்பது 35 ஆகும், பிறகு அதிகபட்சம் 18, 9, 5, 3, 2, 1. மொத்தம் ஏழு கேள்விகள். கணக்குப் போட்டுப் பார்த்தால் 70 எண்களில் 58 எண்கள் ஆறே கேள்விகளில் சிக்கிவிடும், 12 எண்களுக்குத்தான் ஏழாவது கேள்வி தேவை. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூறு சொல்கிறது. ஆமாம்-இல்லை கேள்விக்கு அத்தனை வீச்சு இல்லை. எவ்வளவு சாமர்த்தியமாகக் கேட்டாலும் மிஞ்சியிருப்பதில் பாதிக்கு மேல் நிச்சயமாக ஒழியும் என்று சொல்லமுடியாது.

அடுத்த ஆட்டத்தில் மகள் நினைத்துக்கொண்டாள், அம்மா கேட்டார். 35-க்கு மேலயா என்றதற்கு "ஆமா" என்று பதில். பிறகு 53, 44, 40, 38, 37, 36 என்று கேட்ட எல்லாவற்றுக்கும் "இல்ல".

"அப்ப முப்பத்தாறு."

"இல்லியே! இருவது!"

"அடிக் கள்ளி, பொய் சொன்னியா?"

"ஒரே ஒரு பொய்தாம்மா. சும்மா சும்மா சரியாவே வந்துட்டு இருந்துச்சு, போரடிச்சுது."

இந்த இடத்தில் நம்மில் பலர் என்ன செய்திருப்போம் என்று யோசித்துப் பாருங்கள். "பொய் சொல்றவகூட விளையாட மாட்டேன்" என்று ஆட்டத்தை முடித்திருப்போம். அந்த அம்மா சிரித்துவிட்டு, "சரி, இனிமே ஆட்டத்துக்கு ஒரு பொய் சொல்லிக்கலாம். அது எதுன்னு நாங் கண்டுபிடிக்கோணும்" என்றார். குற்றம் என்று நினைத்தது அடுத்த நிமிடம் விதியாகிவிட்டது! நான்கைந்து வளைவுகள் பேச்சே இல்லை. இருவரும் யோசிக்கிறார்கள். பிறகு அம்மா சொன்னார்: "நீ மொதக் கேள்விலயே பொய் சொன்னே. அதனாலதான் அப்புறம் எல்லாமே 'இல்ல'ன்னு ஒரே பக்கமா வந்துச்சு."

"நெசமாவே முப்பத்தாறா இருந்தாலும் அப்படித்தானம்மா வரும்?"

அம்மாவிடம் பதில் இல்லை. "அதானே!" என்றார். அவ்வளவுதான்.

வேகமாகப் புரிந்துகொள்ளும் குழந்தைக்கு எல்லாம் தெரிந்த பெற்றோர் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். கூட உட்கார்ந்து ஆடுகிறவர்கள் போதும். கணித மேதை ராமானுஜன் 1887-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். அவர் குடும்பம் வணங்கிய நாமகிரித் தாயார் குடிகொண்டிருப்பது கொல்லிமலை இருக்கும் இதே மாவட்டத்தின் தலைநகரான நாமக்கல்லில். ராபர்ட் கனிகல் 1991-ல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில், அவர் தாயார் கோமளத்தம்மாள் மகனோடு உட்கார்ந்து ஆடு புலி ஆட்டம் ஆடியதைக் குறிப்பிடுகிறார். மூன்று புலி, பதினைந்து ஆடு. கோமளத்தம்மாள் பட்டம் வாங்கியவர் அல்ல. ஆனால் அந்த ஆட்டத்தில் விட்டுக்கொடுத்து ஆடினால் குழந்தைக்குத் தெரிந்துவிடும், சரிசமமாக ஆடித்தான் ஆகவேண்டும்.

பொய்யைப் பிடிக்க வழி உண்டா?

உண்டு. எளிய வழி, ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை கேட்பது. இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் உண்மை. மாறினால் மூன்றாவது முறை கேளுங்கள். ஒரே பொய்தான் அனுமதி என்பதால் எது உண்மை என்று தெரிந்துவிடும். ஆனால் 15 கேள்விகள் வரை போகும், குழந்தை எழுந்து ஓடிவிடும்.

கணித அறிஞர் ஸ்டானிஸ்லா உலம் 1976-ல் வெளிவந்த தன் சுயசரிதையில் இதே புதிரைப் போட்டிருக்கிறார்: பத்து லட்சம் வரை ஓர் எண், ஒரு பொய் சொல்லலாம், எத்தனை கேள்விகள் தேவை? பொய் இல்லாவிட்டால் 20. ஒரு பொய் இருந்தால் 25 என்று 1987-ல் ஆந்த்ரே பெல்க் நிரூபித்தார். ஐந்தே கேள்விகள்தான் கூடுதல்! அதே கணக்கின்படி நம் 70 வளைவுகளுக்கு 10 கேள்விகள் போதும். நாம் செய்யப்போவது 11 கேள்வி முறை. ஒன்று அதிகம்தான், ஆனால் குழந்தையே விரல்விட்டு எண்ணிக் கண்டுபிடிக்கலாம்.

ஸ்ப்ரெட்ஷீட் தயாரிப்போம்

ஃபார்முலாக்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்திலேயே தட்டவும்.

ஏ2 முதல் ஏ71 வரை 1 முதல் 70 வரை எண்களை நிரப்புங்கள். பி1 முதல் எச்1 வரை 1, 2, 4, 8, 16, 32, 64 என்று தட்டுங்கள். இவைதான் ஏழு அட்டைகளின் பெயர்கள். பி2-ல் இந்த ஃபார்முலா:

=மாட்(இன்ட்($ஏ2/பி$1),2)

இதை எச் வரை இழுத்து, பிறகு 71-வது வரிசை வரை கீழே இழுத்துவிடுங்கள். கட்டங்களில் 0, 1 என்று நிரம்பும். 1 என்றால் அந்த எண் அந்த அட்டையில் உண்டு. உதாரணமாக 53 என்பது 32+16+4+1. எனவே அந்த நான்கு அட்டைகளில் மட்டும் 53 இருக்கும். குழந்தை "உண்டு" என்று சொல்கிற அட்டைகளின் பெயர்களைக் கூட்டினால் எண் வந்துவிடும். திருவிழாக் கடையில் விற்கும் மாய எண் அட்டைகளின் ரகசியமும் இதுதான். கம்ப்யூட்டர் எண்களை வைத்துக்கொள்வதும் இப்படித்தான்.

கூர்மையான குழந்தையாக இருந்தால் இங்கேயே ஒரு கேள்வி வரும். 64 அட்டையில் 64 முதல் 70 வரை ஏழு எண்கள்தானே இருக்கின்றன, மற்றவற்றிலெல்லாம் முப்பதுக்கு மேல் இருக்கிறதே என்று. சரியான கேள்வி. இந்த ஏழு அட்டைகள் 127 வரை தாங்கும். 70-லேயே நிறுத்தியதால் கடைசி அட்டை காலியாகக் கிடக்கிறது. 127 வரை நீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது பொய் பிடிக்கும் நான்கு காவல் அட்டைகள். முதலில் பஸ்ஸில் சீட் நம்பர் போடுவது போல எல்லா அட்டைக்கும் ஒரு நம்பர். 1, 2, 4, 8 ஆகிய சீட்டுகள் காவலர்களுக்கு. மிச்சமிருப்பதில் நம் ஏழு அட்டைகள் வரிசையாக உட்காருகின்றன: 1 என்ற அட்டைக்கு சீட் 3, 2-க்கு சீட் 5, 4-க்கு சீட் 6, 8-க்கு சீட் 7, 16-க்கு சீட் 9, 32-க்கு சீட் 10, 64-க்கு சீட் 11.

யார் யாரைக் கவனிப்பது? சீட் நம்பரைப் பிரித்துப் பாருங்கள். 11 என்பது 8+2+1. ஆகவே 11-வது சீட்டை 8, 2, 1 ஆகிய மூன்று காவலர்களும் கவனிப்பார்கள். 9 என்பது 8+1. அதை அந்த இருவர் மட்டும். ஃபார்முலாவாக எழுதினால்:

ஐ2-ல் (காவலர் 1): =மாட்(பி2+சி2+இ2+எஃப்2+எச்2,2)

ஜே2-ல் (காவலர் 2): =மாட்(பி2+டி2+இ2+ஜி2+எச்2,2)

கே2-ல் (காவலர் 4): =மாட்(சி2+டி2+இ2,2)

எல்2-ல் (காவலர் 8): =மாட்(எஃப்2+ஜி2+எச்2,2)

இவற்றையும் கீழே இழுத்துவிடுங்கள். பிறகு தலைப்பு வரிசையில் ஐ1 முதல் எல்1 வரை காவலர் பெயரை எழுதி, டேட்டா மெனுவில் ஆட்டோஃபில்டர் கொடுங்கள். எக்ஸெலில் அது ஃபில்டர் என்றே இருக்கும். ஒரு பத்தியில் 1 மட்டும் தெரியும்படி வடிகட்டினால், அந்த அட்டையில் எழுதவேண்டிய எண்கள் ஏ பத்தியில் தெரியும். காப்பி செய்து தனித்தாளில் ஒட்டி, பெரிய எழுத்தில் அச்செடுங்கள். பின்பக்கம் அட்டையின் பெயரையும் சீட் நம்பரையும் எழுதுங்கள். பதினோரு அட்டை தயார்.

ஆடுவது எப்படி?

குழந்தை 53 நினைத்துக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் பதினோரு அட்டைகளையும் ஒவ்வொன்றாகக் காட்டி "இதில் உண்டா?" என்று கேட்கிறீர்கள். 53 உண்மையில் இருப்பது 1, 4, 16, 32 அட்டைகளிலும், காவலர் 2, காவலர் 4 அட்டைகளிலும். குழந்தை 16-ல் மட்டும் "இல்ல" என்று பொய் சொல்கிறது. மற்றதெல்லாம் உண்மை. நீங்கள் கூட்டினால் 32+4+1, அதாவது 37 வரும்.

இப்போது காவலர்களைக் கேளுங்கள். ஒவ்வொரு காவலரும் தான் கவனிக்கும் சீட்டுகளிலும் தன் சொந்த சீட்டிலும் எத்தனை "உண்டு" வந்தது என்று எண்ணவேண்டும். இரட்டைப்படை என்றால் பிரச்னை இல்லை. ஒற்றைப்படை என்றால் விசில்.

காவலர் 1 எண்ணுவது 1, 3, 5, 7, 9, 11. "உண்டு" வந்தது சீட் 3 மட்டும். ஒன்று, ஒற்றைப்படை. விசில்! காவலர் 2-க்கு 2, 3, 6, 10 ஆகிய நான்கில் "உண்டு". சரி. காவலர் 4-க்கு 4, 6 இரண்டில். சரி. காவலர் 8-க்கு சீட் 10-ல் மட்டும். விசில்!

விசில் அடித்தவர்களின் நம்பரைக் கூட்டுங்கள். 1+8=9. ஒன்பதாவது சீட்டில் இருப்பது 16 அட்டை. "அந்த அட்டையிலதான் பொய் சொன்னே!" 37-உடன் 16 கூட்டினால் 53. யாரும் விசில் அடிக்கவில்லை என்றால் பொய்யே இல்லை. கூட்டல் 1, 2, 4, 8 என்று வந்தால் காவல் அட்டையில்தான் பொய், எண் அப்படியே சரி.

இந்தக் கடைசிக் கணக்கையும் ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டுவிடலாம். வேண்டாம் என்பேன். விசில் அடிக்கும் வேலையைக் குழந்தையிடம் விடுங்கள், இரண்டாவது ஆட்டத்திலேயே உங்கள் பொய்களைப் பிடிக்கத் தொடங்கிவிடும்.

இது வெறும் விளையாட்டா?

இல்லை. பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஹேமிங், வார இறுதியில் கம்ப்யூட்டரை ஓடவிட்டுப் போனால் திங்கட்கிழமை வந்து பார்க்கும்போது ஏதோ ஒரு பிழையில் அது வேலையைக் கைவிட்டிருக்குமாம். பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற இயந்திரம், எந்த இடத்தில் என்று கண்டுபிடித்துத் திருத்தக்கூடாதா என்று எரிச்சலோடு யோசித்ததன் விளைவு 1950-ல் அவர் வெளியிட்ட கட்டுரை. நாம் மேலே போட்ட விசில் கணக்கு அவருடையதுதான். சர்வர்களில் போடும் ஈசிசி மெமரி இந்த வழியில் வந்தது. மின்கோளாறாலோ விண்வெளிக் கதிராலோ ஒரு பிட் மாறினால், அந்த மெமரி பொய்யைத் திருத்தியே கொடுக்கும். டீக்கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோட் ஓரம் கிழிந்து, எண்ணெய் பட்டிருந்தும் ஸ்கேன் ஆகிறதே, அதில் இருப்பது 1960-ல் வந்த ரீட்-சாலமன் என்ற இன்னும் வலுவான முறை. அதிகபட்ச அளவில் வைத்தால் சுமார் 30 சதவீதம் சேதமானாலும் படித்துவிடும்.

இரண்டு பொய் சொன்னால்?

கட்டாயம் சொல்லிப் பார்ப்பார்கள். அதே 53-க்கு 16-லும் 1-லும் பொய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்குக் கிடைப்பது 36. விசில் அடிப்பவர்கள் காவலர் 2-ம் காவலர் 8-ம். கூட்டினால் 10. ஒரு பாவமும் அறியாத 32 அட்டையைப் பிடித்து, 36-லிருந்து 32-ஐக் கழித்து "நாலு!" என்று பெருமையாகச் சொல்வீர்கள். குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கும்.

இதற்குப் பன்னிரண்டாவது அட்டை ஒன்று தேவை. எம்2-ல் பி முதல் எல் வரை பதினொன்றையும் கூட்டி அதே மாட் ஃபார்முலாவைப் போட்டுக் கீழே இழுங்கள். ஆட்டம் முடிந்ததும் பன்னிரண்டு அட்டைகளிலும் சேர்த்து எத்தனை "உண்டு" என்று எண்ணுங்கள். ஒரு பொய் என்றால் அது ஒற்றைப்படையாக வரும். விசிலும் கேட்டு, மொத்தமும் இரட்டைப்படையாக இருந்தால் இரண்டு பொய். எந்த இரண்டு என்று இந்த அட்டைகளால் சொல்லமுடியாது. மூன்று பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதை உங்கள் வீட்டுக் குழந்தையிடமே விட்டுவிடுங்கள்.