அப்பாவின் இரண்டு கடைகள்

கேள்வி: என் அப்பா 1983 கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்தவர். 1994-இல் டூட்டிங்கில் ஒரு பலசரக்குக் கடை எடுத்தார். ஏழு வருடம் கழித்து, இரண்டு கதவு தள்ளி ரோல்ஸ், பட்டிஸ், கொத்துரொட்டி விற்கும் சின்ன உணவுக்கடை ஒன்றும் தொடங்கினார். இப்போது இரு பக்கமும் காப்பிக் கடைகள். பழைய வாடிக்கையாளர்கள் பலர் குரோய்டன் பக்கம் குடிபோய்விட்டார்கள். சென்ற மாதம் பலசரக்குக் கடைக்கு லீஸ் முடிவதாகக் கட்டடக்காரரிடமிருந்து ஒரு கடிதமும், கூடுதல் வாடகையில் புதிய லீஸும் வந்தன. கடையை அடியோடு மாற்றவேண்டும் என்கிறான் தம்பி. அரிசி மூட்டையை எடுத்துவிட்டால் அது கடையே இல்லை என்கிறார் அப்பா. யார் பேச்சைக் கேட்பது?
— ஒரு வாசகி, தென்மேற்கு லண்டன்

பதில்: அப்பா, தம்பி இருவரையும் சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு முதலில் அந்தக் கடிதத்தை எடுங்கள். அது 1954-ஆம் ஆண்டின் நில உரிமையாளர், குத்தகைதாரர் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி அனுப்பிய நோட்டீஸ் என்றால், அதில் லீஸ் முடியும் தேதி ஒன்று இருக்கும். நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குக் குறையாமலும் பன்னிரண்டு மாதத்துக்கு மிகாமலும் அந்தத் தேதி இருக்கவேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடை நடத்தும் வாடகைதாரருக்குப் புதிய லீஸ் கேட்கும் உரிமையை அந்தச் சட்டம் தருகிறது. வாடகையில் இணக்கம் வராவிட்டால் நீதிமன்றம் சந்தை நிலவரப்படி தீர்மானிக்கும். ஆனால் அந்தத் தேதிக்குள் நீதிமன்றத்தில் மனுப்போடவேண்டும், அல்லது கெடுவை நீட்டிக்க இரு தரப்பும் எழுத்தில் ஒத்துக்கொள்ளவேண்டும். "பேசிக்கொண்டிருக்கிறோம், பார்க்கலாம்" என்று இருந்து தேதியைத் தவறவிட்டால் உரிமை போய்விடும். முப்பது வருடம் ஒழுங்காக வாடகை கட்டியிருந்தாலும் போய்விடும்.

கூடவே வந்த புதிய லீஸில் இன்னொரு இடத்தைத் தேடுங்கள். இந்தச் சட்டப் பாதுகாப்பு வேண்டாம் என்று வாடகைதாரர் எழுதிக்கொடுக்கும் வழி ஒன்று உண்டு. அதற்கு முன் கட்டடக்காரர் எச்சரிக்கை நோட்டீஸ் தரவேண்டும். பதினான்கு நாள் அவகாசம் இருந்தால் சாதாரண அறிவிப்பில் கையெழுத்து போதும். அவசரப்படுத்தினால் வேறொரு சொலிசிட்டர் முன்னால் உறுதிமொழி கொடுக்கவேண்டும். எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டுப் பேனாவை எடுக்கும் பழக்கம் முதல் தலைமுறைக் கடைக்காரர்களிடம் நிறையவே உண்டு. அந்த நம்பிக்கைக்கு இங்கே இடம் கொடுக்கக்கூடாது. கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறேன் என்றோ, தனக்கே வேண்டும் என்றோ உரிமையாளர் லீஸை மறுத்தால்கூட, பாதுகாப்புள்ள லீஸுக்கு இழப்பீடு கிடைக்கும். பதினான்கு வருடமோ அதற்கு மேலோ ஒரே இடத்தில் வணிகம் செய்தவருக்கு அது இரட்டிப்பு. 1994 முதல் இருக்கும் உங்கள் அப்பா அந்தக் கணக்கில் வருகிறார்.

தெரு மாறும்போது என்ன நடக்கும் என்பதற்கு அதே நகரத்தின் கிழக்கில் இருக்கும் பிரிக் லேனைப் பார்க்கலாம். அங்கே ஒரே கட்டடம் 1743-இல் பிரெஞ்சுப் புராட்டஸ்தாந்து அகதிகளின் தேவாலயமாக எழுந்தது. பின்னர் யூதர்களின் தொழுகைக்கூடமானது. 1976 முதல் வங்காளிகளின் பள்ளிவாசல். அந்த வங்காளிகள் நடத்திய கறி உணவகங்கள் 2000-களின் நடுவில் அறுபது இருந்தன. 2020 தொடக்கத்தில் இருபத்துமூன்றுதான் என்கிறது ரன்னிமீட் டிரஸ்ட் அந்த ஆண்டு வெளியிட்ட ஆய்வு. ஏறிய வாடகையும் வணிக வரியும், ஊரிலிருந்து சமையல்காரரை வரவழைக்க முடியாத விசா விதிகளும், மாறிய நாக்குகளும் காரணம். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனதும் ஒரு காரணம். ஆனால் கடைசியாகச் சொன்னதைத் தோல்வி என்று எழுத மனம் வரவில்லை. பிள்ளை அடுப்படியில் நிற்கக்கூடாது என்றுதானே அந்தப் பெற்றோர் நின்றார்கள்? 1936-இல் தொடங்கிய தாஜ் ஸ்டோர்ஸ் அதே தெருவில் இன்றும் மளிகை விற்கிறது.

டூட்டிங்குக்கு அந்த மாற்றம் பிந்தி வந்தது. 2017-இல் லோன்லி பிளானட் உலகின் பத்து ‘கூல்’ வட்டாரங்களில் ஒன்றாக அதைச் சேர்த்தபோது கடைக்காரர்கள் மகிழ்ந்திருக்கலாம். கட்டட உரிமையாளர்களும் அதைப் படித்திருப்பார்கள்.

வணிக வரியையும் பார்த்துவிடுங்கள். மதிப்பீடு 12,000 பவுண்டோ அதற்குக் குறைவோ உள்ள சிறு கடைக்கு இங்கிலாந்தில் வரி முழுதும் தள்ளுபடியாகலாம். பொதுவாக ஒரே இடத்தில் வணிகம் செய்பவருக்குத்தான். இரண்டு கடையும் அப்பா பேரில் இருந்தால் அந்தச் சலுகை கைவிட்டுப் போயிருக்கக்கூடும். கவுன்சிலின் வரிச் சீட்டை ஒருமுறை கணக்காளரிடம் காட்டுங்கள்.

இனி அரிசி மூட்டை. 1994-ஆம் ஆண்டு ஞாயிறு வணிகச் சட்டம் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகளை ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம்தான் திறக்க விட்டது. சிறு கடைகளுக்கு அது பெரிய வாய்ப்பு. பெரிய நிறுவனங்கள் அந்த அளவுக்குள் அடங்கும் குட்டிக் கடைகளைத் தெருமுனைதோறும் திறந்து அதையும் பிடித்துக்கொண்டன. ஆகவே பாலும் பாணும் சோப்பும் வைத்து உங்கள் தம்பி அவர்களோடு விலையில் போட்டியிட முடியாது. ஓட்ஸ் பாலுக்கும் அதே கதிதான்.

அவர்களிடம் இல்லாதது எது? விடியுமுன் நைன் எல்ம்ஸ் மொத்தச் சந்தைக்குப் போய் முருங்கைக்காயை வளைத்துப் பார்த்து வாங்கும் கை. ஒடியல் மா, சிவப்பரிசி மா, வறுத்த மிளகாய்த்தூள், வெள்ளிக்கிழமைக்கு வாழையிலை. குரோய்டனுக்குப் போன குடும்பங்கள் கோயிலுக்கு வரும் நாளில் இவற்றுக்காகவே உள்ளே வருவார்கள். மூட்டை இருக்கட்டும். வாசல் கண்ணாடியோரம் நான்கு அடித் தட்டை மட்டும் தம்பியிடம் மூன்று மாதத்துக்குக் கொடுங்கள். புதிதாகக் குடிவந்தவர் ஒரு கிலோ மிளகாய்த்தூள் வாங்கமாட்டார். நூறு கிராம் பொட்டலத்தில், எந்தக் கறிக்கு எத்தனை கரண்டி என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்தால் எடுத்துப் பார்ப்பார். பக்கத்தில் உணவுக்கடையின் சூடான ரோல்ஸ் நாலு இருக்கட்டும். எது எத்தனை போனது என்று தம்பி தினமும் எழுதட்டும். அப்பா வாரம் ஒருமுறை படிக்கட்டும்.

இதற்கெல்லாம் முன் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. உங்கள் அம்மா ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள் கல்லாவில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2025 ஏப்ரலில் வந்த சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. அந்தக் கணக்கிலேயே வாரத்துக்கு 440 பவுண்ட் அளவில் வரும், வருடத்துக்கு 22,800-ஐத் தாண்டும். குடும்பக் கடைகளின் லாபத்தில் பெரும்பகுதி பல நேரம் இப்படி எழுதாமல் விட்ட சம்பளம்தான், அதுவும் பெண்களுடையது. அதை எழுதிக் கழித்த பிறகு மிஞ்சுவதைப் பாருங்கள். அந்தக் கடை எவ்வளவு வாடகை தாங்கும் என்பது அப்போதுதான் தெரியும். அந்த எண்ணையும், பழைய லீஸையும், கடிதம் வந்த உறையையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே சொலிசிட்டரைப் பாருங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.