பறிக்கும் நாளைத்தான் விற்கிறோம்

எலுமிச்சைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பங்கள் நேரடி விற்பனையில் இறங்கும்போது போடும் முதல் கணக்கு, மண்டி கமிஷன் மிச்சமாகும் என்பதுதான். அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள் என்பேன். தரம் பிரிக்க, பெட்டி கட்ட, பார்சல் அனுப்ப என்று மிச்சமான பணம் வேறு வழியில் போய்விடும். நேரடி விற்பனைக்கான நியாயம் பழத்துக்குள் இருக்கிறது. மாங்காயும் வாழைக்காயும் பறித்த பின் பழுக்கும். எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சு மூன்றுக்கும் அந்தக் குணம் கிடையாது. வைத்திருந்தால் தோல் மஞ்சளாகும். உள்ளே சாறு ஏறாது. புளியங்குடியிலிருந்து கேரளாவுக்கு லாரி ஏறும் காய் கெட்டியாக இருந்தாக வேண்டும். வீட்டில் பிழிகிறவருக்கோ சாறு வேண்டும். அவருக்காக இன்னும் சில நாள் மரத்திலேயே விட்டுப் பறிக்க, தோட்டத்துக்காரரால் மட்டுமே முடியும்.

அந்தப் பருவத்தைக் கையால் கண்டுபிடிக்கலாம். தோலின் சொரசொரப்பு அடங்கி வழவழப்பாகும், கரும்பச்சை வெளுக்கும், விரலால் அழுத்தினால் லேசாகக் கொடுக்கும். பனி காய்வதற்கு முன் பறிக்கக் கூடாது. ஈரத்தில் விறைத்திருக்கும் தோலை அழுத்திப் பிடித்தால் எண்ணெய்ப் பைகள் உடைந்து, பின்னர் பழுப்புத் தழும்பாகத் தெரியும். தொரட்டியால் இழுத்தால் காம்போடு தோலும் பிய்ந்து வந்துவிடும். பச்சைப் பூசணம் நுழைய அந்தக் காயம் போதும். கத்தரியால் காம்பை ஒட்ட வெட்டுங்கள். காம்பு நீண்டிருந்தால் பக்கத்துப் பழத்தைக் குத்தும். கீழே விழுந்ததையும் முள் கீறியதையும் ஊறுகாய்க்கு ஒதுக்கிவிடுங்கள், விலை குறைந்தாலும் பரவாயில்லை.

வரத்து பெருகும் மாதங்களில் இத்தனை காயையும் வீடு வீடாக விற்க முடியுமா என்று கேட்பார்கள். முடியாது. விலை சரிந்துவிட்டது என்பதற்காக ஒரு வீட்டில் இரட்டிப்பாகப் பிழிய மாட்டார்கள். ஆகையால் மண்டியைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். பொறுக்கி எடுத்த பங்கு மட்டும் நேரடிக்குப் போகட்டும். 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இருக்கிறதே, அங்கே கமிஷனும் இல்லையே என்பது இன்னொரு கேள்வி. பழகுவதற்கு அருமையான இடம் அது. ஆனால் அங்கே பலகையில் எழுதிய விலைதான். கூடுதல் சாற்றுக்குக் கூடுதல் காசு கிடைக்காது. வீட்டு ஆட்களே வேலை செய்வதால் கூலிச் செலவு இல்லை என்ற பேச்சைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. இரவில் உட்கார்ந்து தரம் பிரிப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். ஊரில் வெளியாளுக்குக் கொடுக்கும் கூலியை அவர்கள் பெயரிலும் நோட்டில் எழுதுங்கள். அதைக் கழித்த பின்னும் மண்டி விலையைவிடக் கூடுதலாக நின்றால்தான் அது லாபம். நிற்கவில்லை என்றால் பெட்டி விலையை ஏற்றுங்கள், அல்லது பெட்டிகளைக் குறையுங்கள். வாங்குகிறவருக்கு விலைக்கான காரணம் தெரிய வேண்டுமே; ஒவ்வொரு பெட்டியின் மேலும் பறித்த தேதியை எழுதி அனுப்புங்கள்.