பாட்டரியை மாற்றும் முன்

அன்புள்ள தம்பி,

பைக் ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும், “பாட்டரி போயிருக்கும், புதுசு போட்டுடு” என்றுதான் பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். அந்த யோசனைக்கு உடனே காசை நீட்டிவிடாதே. பாட்டரி கெட்டிருக்கலாம், மறுக்கவில்லை. தஞ்சோங் பகாரிலிருந்து தேக்காவுக்குப் போவது போன்ற குறுகிய ஓட்டங்களில், ஸ்டார்ட்டர் இழுத்த சார்ஜ் திரும்ப ஏறுவதற்குள் வண்டியை அணைத்துவிடுகிறோம். சிங்கப்பூரின் வெக்கையும் பாட்டரியின் ஆயுளைக் குறைக்கிறது. ஆனாலும் சோதிக்காமல் மாற்றினால், காசு போன பிறகும் கோளாறு அங்கேயே இருக்கலாம். இப்போது பல வண்டிகளில் கிக்கரே கிடையாது. தமிழ்நாட்டில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 கூட 2021-இல் வந்த புது வடிவத்தில் அதை விட்டுவிட்டது. பொத்தானைத்தான் நம்ப வேண்டும் என்றான பிறகு, அதை அழுத்தும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று ஓட்டுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம், காது போதும். பொத்தானை அழுத்தியும் ஒரு சத்தமும் இல்லையென்றால், சிவப்பு கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்ட், நியூட்ரல், கிளட்ச் சுவிட்ச், பியூஸ் ஆகியவற்றைப் பார். இவற்றில் ஒன்று தடுத்தாலும், ஸ்டார்ட்டர் மோட்டாரை இணைக்கும் ரிலேவுக்கு மின்சாரம் போகாது. ‘டக் டக் டக்’ என்று வேகமாகத் துடித்தால், மோட்டார் இழுக்கும்போதே வோல்ட் சரிந்து, ரிலே விட்டு விட்டுப் பிடிக்கிறது என்று அர்த்தம். ஒரே ஒரு ‘டக்’ கேட்டு அடங்கிவிட்டால், ரிலேயின் உள்தொடர்போ தடித்த கேபிளோ மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷோ சந்தேகத்துக்குரியது. மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டும் இன்ஜின் அசையாவிட்டால் அது ஸ்டார்ட்டர் கிளட்ச்; பட்டறை வேலை. இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால் ஸ்டார்ட்டர்மீது குற்றமில்லை. பெட்ரோலையும் பிளக்கையும் பார்க்க வேண்டும்.

“ஹாரன் அடிக்கிறது, லைட் எரிகிறது, அப்படியானால் மின்சாரப் பக்கம் சரிதானே?” என்று கேட்பாய். இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 35 வாட் விளக்கு ஏறக்குறைய 3 ஆம்பியர்தான் எடுக்கும். ஸ்டார்ட்டர் 50 ஆம்பியர் கேட்பதாக வைத்துக்கொள். பூத்துப்போன ஒரு பாட்டரி முனையில் வெறும் 0.05 ஓம் தடை இருந்தால், விளக்கு எரியும்போது அங்கே 0.15 வோல்ட்தான் குறையும், கண்ணுக்கே தெரியாது. ஸ்டார்ட்டரை அழுத்தும்போதோ அதே முனை 2.5 வோல்ட்டை விழுங்கிவிடும். ஆகவே சும்மா இருக்கும் வண்டியில் எடுத்த அளவை மட்டும் நம்பாதே. மல்டிமீட்டரின் இரு முனைகளையும், கேபிளின் கவ்வியில் வைக்காமல், பாட்டரியின் ஈயக் கம்பங்களிலேயே வை. ஓய்வில் 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ இருந்தால் சார்ஜ் போதும். பொத்தானை அழுத்தும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பாட்டரி பலவீனம். வோல்ட் விழாமலே மோட்டார் முக்கினால் பாட்டரிமீது பழி போடாதே. கேபிள், முனை, எர்த், மோட்டார் என்று வரிசையாகத் தேடு. வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்த முனையைத் தேய்த்து இறுக்கினாலே பல வண்டிகள் கிளம்பிவிடும்.

மின்சாரத்தோடு விளையாடலாமா என்று வீட்டில் தடுப்பார்கள். நியாயமான பயம்தான். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் ஸ்பானர் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டால் தீப்பொறி பறக்கும், கை வேகும். மோதிரத்தைக் கழற்றி வை. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். ரிலேயின் இரு முனைகளை ஸ்க்ரூடிரைவரால் சேர்த்துப் பார்க்கும் வித்தையைப் பழகாதே. கியரில் இருக்கும் வண்டி பாய்ந்துவிடும். பியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் நமக்கு என்ன புரியும் என்று ஒதுங்கவும் வேண்டாம். கம்ப்யூட்டர் வந்த பிறகும் பாட்டரி, கேபிள், ரிலே, மோட்டார் பழையபடியே இருக்கின்றன. அந்தக் கம்ப்யூட்டருக்கும் பம்ப்புக்கும் வோல்ட் வேண்டும் என்பதால், பாட்டரி அடியோடு செத்த வண்டியைத் தள்ளிப் பார்த்தாலும் பிடிக்காமல் போகலாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் வாகன நிறுத்துமிடத்தைப் பட்டறையாக்கவும் நான் சொல்லவில்லை. அளப்பதும் துடைப்பதும் இறுக்குவதும் மட்டும் உன் வேலை.

வண்டி கிளம்பியதும் திறந்த இடத்தில் நிறுத்தி, ஆக்சிலேட்டரை நிமிடத்துக்கு 5,000 சுற்று வரை கொடுத்து இன்னொரு முறை அள. 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ரெகுலேட்டரோ ஸ்டேட்டரோ சார்ஜ் கொடுக்கவில்லை. நீ போடும் புதுப் பாட்டரியும் சில நாளில் படுத்துவிடும். ஓய்வில், அழுத்தும்போது, ஓடும்போது என்று இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு பட்டறைக்குப் போ. மெக்கானிக்கிடம் முதலில் அந்தத் தாளைக் காட்டு, பாட்டரி விலையை அப்புறம் கேள்.

அன்புடன்,
அண்ணன்