பெருஞ்சக்கரமும் எரிபொருட் செலவும்

ஜீப்பு முதலிய கரட்டுவழி வண்டிகளுக்குப் பெரிய டயர் பூட்டுவோர், வண்டி முன்னிலும் மிகுதியாக எண்ணெய் குடிக்கின்றது என்பர். அதன் காரணத்தை யாம் ஈண்டு ஆராய்வோம்.

இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் அச்சுப் பல்சக்கர விகிதம் 4.88, அஃதாவது, டயர் ஒரு முறை சுழல, இஞ்சினிலிருந்து அச்சுக்கு வரும் தண்டு 4.88 முறை சுழலும். 1945-இல் உழவர்க்கென வந்த ஜீப்பில் இது 5.38 ஆயிற்று, ஏர் இழுக்க வேகத்தினும் இழுவிசையன்றோ வேண்டும்? இவ்வண்டிக்குக் குறுக்களவில் பத்திலொரு பங்கு பெரிய டயரைப் பூட்டின், 5.38-ஐ 1.1-ஆல் வகுக்க, விகிதம் 4.89 போலாகின்றது. உழவர்க்கெனக் கூட்டிய இழுவிசை அவ்வளவில் பறிபோம். ஓட்டுநர் கீழ்க் கியரிலேயே ஓட்ட நேரும். டயரின் பளுவும் சேரச் செலவு ஏறும்.

எனினும், ஏறியதாகத் தோன்றுவது முழுதும் மெய்யன்று. தூரங்காட்டி 100 கிலோமீட்டர் காட்டுங்கால், வண்டி 110 சென்றிருக்கும். அதற்கு 10 லிட்டர் செலவாயின், லிட்டருக்கு 10 அன்று, 11 என்பதே சரி. இக்கணக்கைத் திருத்திய பின்னரே டயரைப் பழித்தல் தகும்.

பல்சக்கரத்தை மாற்றி விகிதத்தை மீட்கலாம். இழுவிசை மீளும், பளுவோ குறையாது. பெருங்களத்தூர் நெடுஞ்சாலையில் நாடோறும் ஓடி, ஆண்டுக்கு இருமுறையே மலையேறும் வண்டிக்குப் பெருஞ்சக்கரம் நாடோறும் இறுக்கும் வரியாம்; சேற்றிலும் பாறையிலும் உழைக்கும் வண்டிக்கோ அது வேண்டுவதே. ஆகவே, வழியறிந்து சக்கரம் பூட்டுதல் நலம்.