நண்பகலில் ஒரு மரச்சீனி இலை

திருவனந்தபுரம்

அன்புள்ள தம்பி,

ஒளிச்சேர்க்கை பற்றிய உன் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். பலாமர நிழலில் ஒளிப்பொட்டு ஒன்று இலைமேல் ஊர்ந்துபோகும் அந்தப் பத்தி அபாரம். நாற்பது வருஷம் செடிகளோடு கிடந்த எனக்கு அப்படி எழுத வந்ததில்லை.

ஆனால் "வெயில் ஏற ஏற இலை கூடுதலாக உணவு செய்யும்" என்று எழுதிவிட்டாயே! எரிச்சல் வந்தது. ஒளி, வெப்பம், கரியமில வாயு இவற்றில் எது பற்றவில்லையோ அதுதான் ஒளிச்சேர்க்கையின் வேகத்தைக் கட்டிப்போடும் என்று தாவரவியலாளர் பிளாக்மன் 1905-இலேயே சொன்னது உனக்குத் தெரியாததல்ல. காற்றின் ஈரத்தை எங்கே விட்டாய்? கட்டுரை முழுக்கத் தண்ணீர் என்றால் வேரடித் தண்ணீர்தான்.

நம் மரச்சீனியை, அதாவது மரவள்ளியைப் பார். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ஊக்கம் கொடுத்துப் பரப்பிய பயிர். 1963 முதல் இங்கே ஸ்ரீகாரியத்தில் கிழங்குப் பயிர்களுக்கென்றே மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மரச்சீனி வறட்சி தாங்குவது எப்படி? காற்று வறண்டால், மண்ணில் ஈரம் இருக்கும்போதே இலைத்துளைகளை ஒடுக்கிக்கொள்ளும். தண்ணீர் மிச்சம், ஆனால் அதே துளை வழியாக வரவேண்டிய கரியமில வாயுவும் குறைந்துபோகும். உச்சிவெயில் கொட்டும்போதே ஒளிச்சேர்க்கை மந்தமாகிவிடும். 1980களில் எல்-ஷர்காவி, காக் என்ற இரு ஆய்வாளர்கள் கொலம்பியாவில் இதை அளந்தே காட்டினார்கள். சேலத்துப் பக்கம் தண்ணீர் பாய்ச்சிய தோட்டத்தில்கூடக் கோடைக்காற்று இந்த வேலையைச் செய்யும்.

வேலையில் சேர்ந்த புதிதில் இலைத்துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்று அளக்கும் போரோமீட்டரை என் கையில் கொடுத்து, ஒரே மரச்சீனி இலையைக் காலை முதல் மாலைவரை அளக்கச் சொன்னார்கள். பங்குனி மாதம். காலையில் சூரியனைப் பார்த்து விரிந்திருந்த இலைவிரல்கள் பதினொரு மணிக்கு மேல் தொங்கத் தொடங்கின. கருவியில் எண்ணும் இறங்கிக்கொண்டே போனது. சாப்பிடக்கூடப் போகாமல் அந்தச் செடியருகிலேயே நின்றேன். பொழுது சாய, இலை மெல்ல நிமிர்ந்தது. இலையை உயிராகப் பார்க்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

அதனால்தான் நீ ஐந்து இடத்தில் இலையைத் 'தொழிற்சாலை' என்றதை என்னால் பொறுக்க முடியவில்லை. காற்றைப் பார்த்துக் கதவை ஒடுக்குகிற தொழிற்சாலை எங்கே இருக்கிறது? அந்தச் சொல்லை எடுத்துவிடு.

பங்குனியில் ஸ்ரீகாரியம் வா. காலை எட்டு மணிக்கு ஒரு மரச்சீனி இலைக்காம்பில் நூல் கட்டு. உச்சிவேளையில் அதே இலையிடம் திரும்பிப் போய் நில். பார்த்ததை எழுதிய பிறகு அந்த 'வெயில் ஏற ஏற' வரியைத் திருத்து.

அன்புடன்,
உன் அண்ணாச்சி