சாரணர் பாசறை புகட்டும் பாடம்

பலர் கூடித் தொடங்கிய காரியத்தின் பாரம் ஒருவர் தலையில் மாத்திரம் விழுமாயின், அது நெடுநாள் நிலைக்காது. இவ்வுண்மையைச் சாரணச் சிறுவரின் பாசறை நன்கு விளக்கும்.

1907-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த பிரௌன்ஸீ என்னும் சிறு தீவில், பேடன்-பவல் என்னும் படைத்தலைவர் சுமார் 20 சிறுவரைக் கொண்டு ஒரு பாசறை நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் கலந்து 4 அணிகளாக வகுக்கப்பட்டனர். அணித்தலைவனும் ஒரு சிறுவனே. தன் அணியினரின் நடத்தைக்கு எந்நேரமும் அவனே பொறுப்பாளி. இரவுதோறும் ஓர் அணி முறைப்படி காவலுக்குச் சென்றது. அதற்கு மாவு, இறைச்சி, காய்கறி முதலியன அளந்து கொடுக்கப்பட்டன. தீ மூட்டிச் சமைப்பது சிறுவரின் வேலை. இத்தகைய அணியில் ஒருவன் விறகு கொணரச் சோம்பினால், அனைவரும் பசித்திருக்க நேரும்.

கிராம ஐக்கிய சங்கத்தின் நிலையும் இதுவே. சிலர் தவணை தவறினால், சங்கம் மத்திய பாங்கிக்குச் செலுத்தவேண்டிய தொகை குறையும். அடுத்த விதைப்புக் காலத்தில், நாணயமாக நடந்தவருக்கும் கடன் கிடைப்பது அரிதாகும். காரியதரிசி வீடு வீடாக அலைந்து கேட்கட்டும் என்றிருத்தல் தகாது. தெருவுக்கு ஓர் அணியாக அங்கத்தினர் சேர்ந்து, அணிக்கு ஒருவர் பொறுப்பேற்று, அறுவடை முடிந்தவுடன் ஒருவருக்கொருவர் தவணையை நினைவூட்டுவாராக. சிறுவரால் இயன்றது பெரியோருக்கு இயலாததன்று.